அனார்க்கி: 'அராஜகம்' வேண்டாம், 'மேலரசின்மை' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பன்னாட்டு அரசியலை முதுகலையில் எடுப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே எதிர்ப்படும் ஆங்கிலச் சொல் அனார்க்கி (anarchy). தமிழில் அதை 'அராஜகம்' என்று எழுதிவிடுகிறோம். வேரைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. கிரேக்கச் சொல்லும் வடசொல்லும் ஆள்பவர் இல்லாத நிலையைத்தான் குறிக்கின்றன. ஆனால் இன்று அராஜகம் என்றதும் அடிதடியும் அட்டூழியமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பன்னாட்டு அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1979இல் இச்சொல்லால் பேசியது நாடுகளுக்கிடையிலான அமைப்புமுறையைப் பற்றி. நாடுகளை அடக்கி ஆள அவற்றுக்கு மேலே ஓர் அரசு கிடையாது, அதனால் ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். போரே நடக்காத காலத்திலும் இந்த நிலை உண்டு. அதே துறை அறிஞர் அலெக்சாண்டர் வென்ட் 1992இல் இன்னும் ஒரு படி போய், இந்த நிலை பகையாகுமா நட்பாகுமா என்பது நாடுகள் தமக்குள் பழகும் விதத்தைப் பொறுத்தது என்று வாதிட்டார். 'நட்பான அராஜகம்' என்று எழுதிப் பாருங்கள், எந்த மாணவருக்கும் புரியாது.

அனார்க்கிக்கு 'அரசின்மை' என்ற சொல்லே போதும் என்று நம்மில் ஐயா ஒருவர் முன்பு எழுதியிருந்தார். சுருக்கமான சொல்தான். ஆனால் இங்கே அரசுகள் நிறையவே இருக்கின்றன, அவற்றுக்கு மேலேதான் எதுவும் இல்லை. அப்புறம், அரசே கூடாது என்னும் கொள்கைக்கும் ஒரு சொல் வேண்டுமே, இதை அதற்கு விட்டுவைக்கலாம்.

ஆகவே என் பரிந்துரை 'மேலரசின்மை'.

ஐ.நா. இருக்கிறதே என்று கேட்பார்கள். அமெரிக்கா மீது நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் பன்னாட்டு நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதைப் பின்பற்றக் கோரும் தீர்மானம் பாதுகாப்பு அவைக்கு வந்தபோது அமெரிக்காவே வீட்டோ செய்தது. சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, தீர்ப்பும் வந்தது. நிறைவேற்ற வைக்க ஒரு மேலரசு இல்லை. இதைச் சொல்லிலேயே காட்ட முடிகிறது என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஒரு தடை தோன்றுகிறது. ஒரு வலிய நாடு மற்ற நாடுகள்மேல் செலுத்தும் ஆதிக்கமான ஹெஜிமனிக்கு (hegemony) 'மேலாதிக்கம்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. இரண்டிலும் 'மேல்' வருவது குழப்புமா? வலிய நாடொன்றின் மேலாதிக்கத்திலும் மேலரசின்மை தொடரலாம் என்று அடுத்தடுத்து எழுதினால் வேறுபாடு தெளிவாகிவிடும் என்றே நினைக்கிறேன். பெயரடையாக 'மேலரசற்ற' வைக்கலாம். 'மேலரசிலா' செய்யுள்போல் ஒலிக்கிறது.

பாடம் நடத்துகிறவர்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.