1538-க்கு முன்னால் யார்க் நகரத்தில் ஞானஸ்நானப் புத்தகமே கிடையாதாமே?

பாம்பன் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் கடலோர ஊர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். போன நவம்பரிலிருந்து எங்கள் கோயிலின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் பார்த்துப் புது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உப்புக்காற்றில் தாளெல்லாம் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது, தொட்டால் நொறுங்குகிறது. மிச்சம் மீதியை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொண்டது. ஒரு பக்கத்தில் பிள்ளையின் பேர் இருக்கிறது, தகப்பன் பேரைக் காணோம், ஞானத்தகப்பன் மட்டும் முழுசாக நிற்கிறார்!

மகள் இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் நர்ஸ். மே மாதம் போயிருந்தேன். அங்கே அவ்வளவு பெரிய கோயில் இருக்கிறதே, ஆதியிலிருந்து எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஊர் சுற்றிக்காட்டியவர், 'பங்குக் கோயில்களில் பதிவேடு வைக்கச் சொல்லி உத்தரவு வந்ததே 1538-ல்தான், எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் குரோம்வெல் போட்டது' என்றார். அப்படியானால் அதற்கு முந்தி வயசை எப்படி நிரூபித்தார்கள்? கல்யாணத்துக்கு முன் கோயிலில் ஓலை வாசித்து எல்லாருக்கும் அறிவிக்கும்போது, பெண்ணும் மாப்பிள்ளையும் சொந்தமா இல்லையா என்று எதைப் பார்த்தார்கள்? இங்கே மாமன் மகளைக் கட்டுவதற்குத் திருச்சபையிடம் விலக்கு (தனி அனுமதி) வாங்க வருகிறவர்களுக்கு நான் மூன்று தலைமுறை புரட்ட வேண்டியிருக்கிறது.

ஏட்டுப்பூச்சி:
டீச்சர், வரலாறு படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சுற்றிக்காட்டியவர் சொன்னது சரிதான். ஆனால் ஞானஸ்நானப் புத்தகம் இல்லை என்பதால் எழுத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யார்க் பேராயர்களின் பதிவேடுகள் 1225-லிருந்து கிடைக்கின்றன. திருச்சபை நீதிமன்ற வழக்குக் கட்டுகள் 1300-லிருந்து 1858 வரை அங்குள்ள பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

வயசுக்கு ஆதாரம், ஊரார் ஞாபகம்தான். அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றிருந்தவர் செத்து, வாரிசு சின்னப் பிள்ளையாக இருந்தால், பையனுக்கு 21 முடிந்தபிறகுதான் நிலம் கைக்கு வரும். அப்போது ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஒருத்தர், 'அந்த வாரம்தான் என் மகள் பிறந்தாள்' என்பார். இன்னொருத்தர், 'அன்றைக்குத்தான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன்' என்பார். (இந்தக் கால் ஒடிந்த கதை நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது, அதனால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.) நம் பக்கம் 'தனுஷ்கோடி புயலுக்கு முந்தின வருஷம்' என்கிறோமே, அதே கணக்கு.

கல்யாணம் இன்னும் சுவாரசியம். 1215-ல் ரோமில் கூடிய லாத்தரன் சங்கம் (ஆயர்களின் மாநாடு) ஓலை வாசிப்பதைக் கட்டாயமாக்கியது. நாலாம் தலைமுறை வரை சொந்தத்தில் கட்டக்கூடாது என்றும் சொன்னது. ஆனாலும் சாமியார் இல்லாமல், கோயிலுக்கே போகாமல், ரெண்டு பேரும் 'உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்', 'கணவனாக ஏற்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது செல்லுபடியாகும் கல்யாணம். 'ஏற்பேன்' என்றால் வெறும் நிச்சயம். அதற்குப்பின் உறவு கொண்டால் அதுவும் கல்யாணமாகிவிடும். ஆக, சாட்சிக்காரர் காதில் விழுந்தது நிகழ்காலமா எதிர்காலமா என்பதில்தான் வழக்கே நின்றது. சாட்சி பேசியது ஆங்கிலத்தில், குமாஸ்தா எழுதியது லத்தீனில்.

கீழக்கரை வாசகன்:
வம்புக்குப் போனவர்கள் கதைதானே இதெல்லாம்? சண்டை போடாமல் வாழ்ந்து செத்தவர் எங்கே?

ஏட்டுப்பூச்சி:
நல்ல கேள்வி, பாய். பாதி உண்மை. உயில்களில் ஓரளவு சிக்குவார்கள். உடலைச் சுற்றி எரிக்க மெழுகுதிரிக்கு இவ்வளவு பணம், வருமானத்தில் கோயிலுக்குக் 'கொடுக்க மறந்துபோன பத்தில் ஒரு பங்குக்காக' பீடத்துக்கு இவ்வளவு, நல்ல அங்கி பங்குச் சாமியாருக்கு என்று எழுதியிருப்பார்கள். ஆனால் உயில் எழுதச் சொத்து வேண்டுமே. 1377 தலைவரிக் கணக்கில் யார்க்கில் 7,248 பேர். 14 வயசுக்குக் கீழ் பிள்ளைகளும் பிச்சைக்காரர்களும் அதில் சேர்த்தியில்லை. கூலிக்காரர் பலருக்கு அந்த எண்ணிக்கைக்குள் ஒரு தலையாக இருந்ததுதான் பதிவு.

வம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 1318-ல் பேராயர் மெல்ட்டனின் பதிவேட்டில் ஜோன் என்ற கன்னியாஸ்திரி வருகிறார். சீக்கு வந்தது போல நடித்து, தன் உருவத்தில் ஒரு பொம்மை செய்து, கூட்டாளிகளை வைத்து அதை மடத்துக் கல்லறையில் புதைக்கச் செய்துவிட்டு ஓடிப்போனார். அவரைத் திரும்பிவரச் சொல்லி எழுதிய கடிதத்தின் நகல்தான் பதிவேட்டில் இருப்பது.

மூக்கையூர் ஆசாரி:
வள்ளம் கட்டுற குடும்பம் நாங்க. இதுல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு. யார்க்ல நற்கருணைத் திருநாளுக்கு ஒவ்வொரு தொழில்காரங்களும் வண்டி மேல நாடகம் போடுவாங்களாம். நோவா பெட்டகம் செய்யற கட்டம் கப்பல் தச்சருக்கு, வெள்ளம் வர்ற கட்டம் மீன்காரருக்கும் மாலுமிகளுக்கும். ரொட்டி சுடறவங்களுக்குக் கடைசி இராவுணவு. 1415-ல யாருக்கு எந்தக் கட்டம்னு நகரசபை எழுத்தர் பட்டியல் போட்டு வச்சிருக்கார். வழியில 12 இடத்துல நின்னு நின்னு ஆடணும், காலையில நாலரைக்கே தயாரா நிக்கணும். எங்க சப்பரம் மூணு இடத்துல நிக்கிறதுக்கே என்னா சண்டை!

பாம்பன் டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. ஆசாரி தம்பி, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் எங்கள் பாஸ்கா நாடகத்துக்கு நீங்கள் வரவேண்டும்.

'ஏற்கிறேன், ஏற்பேன்' படித்துவிட்டுச் சிரித்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் காலம் காட்டும் இடைநிலை சொல்லிக்கொடுத்தவள். அதற்கு இப்படி ஒரு உபயோகம் இருந்ததா!

இன்றைக்கு மத்தியானம் தகப்பன் பேர் போன அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த தெருப் பாட்டியிடம் போனேன். பாட்டி யோசிக்கவே இல்லை. 'அது எங்க சின்னையா மவன். புயலுக்கு ரெண்டு வருஷம் முந்தி. எங்கப்பா நைலான் வலை வாங்குன வருஷம், அதுக்கு என் தோட்டை அடகு வச்சாரு' என்றார். தோடு வரை அப்படியே எழுதிக்கொண்டேன். ஆனால் பதிவேட்டில் ஏற்றாமல் தனி நோட்டில். பங்குச் சாமியார் என்ன சொல்வாரோ தெரியவில்லை.

இன்னொரு சின்ன விஷயம்: உப்புக்காற்றில் கலையாத மை எது? பால்பாயிண்ட் ஏற்கெனவே ஊதா நிறத்தில் பரவ ஆரம்பித்துவிட்டது.