முட்டை மயோனைஸ் தடை: சின்னக் கடையில் என்ன செய்யலாம், ஆய்வுக்கு வந்தால் எதைப் பார்ப்பார்கள்?

தட்டுக்கடை_ஈரோடு:
மாலை நேர ஷவர்மா, சாண்ட்விச் கடை. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டு தடை என்று உத்தரவு வந்தது. மூன்று சந்தேகங்கள். வினிகர் கூடுதலாக ஊற்றினால் கிருமி செத்துவிடாதா? முட்டையை லேசாகச் சூடாக்கி அடித்தால் தடைக்குள் வருமா? உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் மயோனைஸை மட்டும்தான் பார்ப்பாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகத்தார்:
அந்த 2025 உத்தரவின் தடை, பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு மட்டும்தான். பாஸ்டரைஸ் செய்த (திரளாமல், கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கிய) முட்டையில் தயாரித்ததும் முட்டையே இல்லாததும் இதில் வராது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 30(2)(அ)-வின்படி மாநில ஆணையர் ஒரு பொருளை அதிகபட்சம் ஓராண்டுக்குத் தடை செய்யலாம். 'ஓராண்டு' என்பது அங்கிருந்து வந்ததுதான். ஓராண்டில் முட்டை சுத்தமாகிவிடும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. கேரளம் 2023 ஜனவரியிலும் தெலங்கானா 2024 அக்டோபர் கடைசியிலும் இதே தடையைக் கொண்டுவந்தன.

வினிகர் விஷயம்: சால்மொனெல்லா என்டரைட்டிடிஸ் என்ற கிருமி கோழியின் சினைப்பையிலேயே இருந்தால், ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். ஓட்டைக் கழுவிப் பயனில்லை. அமிலம் கொல்லும், ஆனால் அளவும் நேரமும் வேண்டும். நாக்குக்குப் புளிப்பு பிடிக்காது என்று கடையில் ஊற்றுவது ஒரு ஸ்பூன், அது போதாது. கிருமி முழுக்கச் சாகாத மயோனைஸ் பர்னர் பக்கத்தில் பாட்டிலில் சாயங்காலம் முழுக்க நிற்கும்போது மிச்சமிருப்பது பெருகுகிறது.

மசாலா_கணக்கு:
வெந்நீரில் பாத்திரத்தை வைத்து முட்டைக் கலவையை 60 டிகிரியில் மூன்றரை நிமிடம் வைத்தால் பாஸ்டரைஸ் ஆகிவிடுமே? தொழிற்சாலையில் அதைத்தானே செய்கிறார்கள்?

ஆய்வகத்தார்:
எண் சரிதான், கடை அடுப்பில் அது நடக்காது. 62 டிகிரி தாண்டினால் வெள்ளைக்கரு திரளத் தொடங்கும், 57-இல் நின்றால் அந்த மூன்றரை நிமிடத்தில் கிருமி போதுமான அளவு சாகாது. ஓரம் ஒரு சூடு, நடு ஒரு சூடு. அதைவிட ஆய்வுக்கு வருபவரிடம் 'பாஸ்டரைஸ் செய்தேன்' என்று காட்ட உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. அந்த வழியை விட்டுவிடுங்கள்.

முட்டை இல்லாமல் செய்ய: காய்ச்சி ஆறவைத்து, பிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பால் 100 மி.லி., மணமில்லாத எண்ணெய் 200 மி.லி., உப்பு, கடுகுத்தூள் கொஞ்சம். ஒடுங்கிய உயரமான ஜாடியில் கைப் பிளெண்டரை அடியில் அழுத்தி 20 நொடி ஓட்டி, பிறகு மெல்ல மேலே தூக்கவும். கெட்டியான பிறகு எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி. நீர்த்துப்போனால் பால் குளிரவில்லை, இல்லையேல் ஜாடி அகலம். பெரிய மிக்ஸி ஜாரில் பிளேடு பாதி காற்றைத்தான் அடிக்கும். இதுவும் பால் பொருள்தான். 5 டிகிரிக்குள் வைத்து, சின்னச் சின்னக் கிண்ணமாக வெளியே எடுங்கள், மீந்ததை அன்றே கொட்டுங்கள்.

பழைய_நியமன_அலுவலகம்:
எல்லாரும் மயோனைஸையே பேசுகிறீர்கள். என் கணிப்பில் ஷவர்மாவுக்குக் கோழிக் கறியைக் கோத்து வாட்டும் கம்பிதான் அதைவிடப் பெரிய ஆபத்து. வெளிப்புறம் சிவந்திருக்கும், இரண்டு அங்குலம் உள்ளே பச்சை. கூட்டம் இல்லையென்று பர்னரைக் குறைத்தால் உள்ளே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமிக்கு அதைவிட வசதி வேறில்லை. ஒரு வேளைக்கு விற்கும் அளவுக்கே கம்பியில் கோத்துவையுங்கள். சீவிய கறியைத் தோசைக்கல்லில் இன்னொரு முறை வாட்டி, குத்தும் தெர்மாமீட்டரில் 75 டிகிரி பாருங்கள். பிறகு 65-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். மீந்த கம்பியை மறுநாள் மறுபடி ஏற்றுவதுதான் மன்னிக்க முடியாத வேலை. கேரளம் 2022-இலேயே ஷவர்மா பார்சலில் தயாரித்த நேரமும், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் எழுதச் சொன்னது. இங்கேயும் அதைச் செய்தால் நட்டமில்லை.

ஆய்வில் பார்ப்பது: 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா (2025-இல் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய், மேலே போனால் உரிமம் என்று இருந்தது), வேலையாட்களின் மருத்துவச் சான்று, பிரிட்ஜில் பச்சைக் கறி வெந்ததற்குக் கீழே இருக்கிறதா, ஊறவைத்த கறி 5 டிகிரிக்குள் இருக்கிறதா, கோழி வாங்கிய ரசீது, பொரித்த எண்ணெய். எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேரும் கெட்ட பொருட்கள்) 25 சதவீதம் தாண்டக் கூடாது. கையடக்கக் கருவியில் அங்கேயே அளந்துவிடுவார்கள்.

குறை இருந்தால் அதே 2006 சட்டத்தின் பிரிவு 32-இல் மேம்பாட்டு அறிவிப்பு. சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாமல் அவகாசம் தரவேண்டும். மாதிரி எடுத்தால் விலை கொடுத்துத்தான் எடுப்பார்கள், நான்கு பாகமாக முத்திரையிடுவார்கள். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்கலாம். மாதிரி எடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். பலர் அப்போது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பகுப்பாய்வாளர் அறிக்கை வந்த பிறகு ஓடி வருவார்கள். அறிக்கை கையில் கிடைத்து 30 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம்.

வாடிக்கையாளர்_கட்சி:
சாப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று. ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் அல்லது பேசில்லஸ் என்ற கிருமிகளின் நச்சு. ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சால்மொனெல்லாவுக்கு 6 முதல் 72 மணி நேரம் ஆகலாம். அதனால் கடைசியாகச் சாப்பிட்ட கடைமேல் மட்டும் பழி போடாதீர்கள், மூன்று நாள் சாப்பாட்டை எழுதி வையுங்கள். மீதியைச் சுத்தமான டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள், பிரீசரில் வேண்டாம். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் மலப் பரிசோதனை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பில்லோடு 94440 42322 வாட்ஸ்அப்பில் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பலாம்.

தட்டுக்கடை_ஈரோடு:
நன்றி. பாக்கெட் மயோனைஸ் வாங்கினால் பிரச்சினை இல்லைதானே?

பழைய_நியமன_அலுவலகம்:
பாக்கெட்டில் உரிம எண்ணும் 'முட்டை இல்லாதது' அல்லது 'பாஸ்டரைஸ் செய்த முட்டை' என்பதும் இருக்கிறதா பாருங்கள். உடைத்த தேதியை மார்க்கரில் எழுதுங்கள், பிரித்ததும் பிரிட்ஜுக்குள். காலி பாக்கெட்டையும் ரசீதையும் கொஞ்ச நாள் வைத்திருங்கள். பெரிய டப்பாவிலிருந்து பேரில்லாத பாட்டிலுக்கு மாற்றிவிட்டால் அது என்ன மயோனைஸ் என்று நிரூபிக்க உங்களால் முடியாது.