‘சேமிப்பு’ வேண்டாம்: மருந்துக் கொள்முதலுக்கு ஒரு கலைச்சொல்

ஈரோட்டிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மருத்துவமனைக் கொள்முதலில் குறையும் செலவைச் ‘சேமிப்பு’ என்றே எழுதலாம் என்கிறார் கோபிசெட்டிபாளையத்து அண்ணன். எனக்கு உடன்பாடில்லை. ‘மருந்துக் கொள்முதல் சேமிப்பு’ என்றால் சேமிப்புக் கிடங்குதான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு, 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குகளில் அரசு மருத்துவமனைகள் மருந்து எடுப்பதே, தங்களுக்கு ஒதுக்கிய தொகையின் கணக்கு எழுதிய பாஸ்புக் வைத்துத்தான். பாஸ்புக்கும் சேமிப்பும் சேர்ந்தால் வங்கிக் கணக்கேதான்.

‘மிச்சம்’ நல்ல சொல். ஆனால் எந்த மிச்சம்? ஒரு பெட்டி கையுறை போன ஆண்டு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு 340 கேட்கிறார்கள். பேசி 315க்கு முடிக்கிறோம். வாங்கியவர் 25 ரூபாய் மிச்சம் என்பார். கணக்கர் 15 ரூபாய் கூடுதல் என்பார். இருவர் சொல்வதும் சரி. இரண்டையும் ஒரே தலைப்பில் கூட்டும்போதுதான் கணக்கு கெடுகிறது. ஆகவே போன விலையைவிடக் குறைந்தால் ‘கைமிச்சம்’. கேட்ட விலையிலிருந்து இறக்கினால் ‘உயர்வுத் தடுப்பு’. எதோடு ஒப்பிடுகிறோமோ அது ‘ஆதார விலை’.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

சேமிப்பை விட்டுவிடுகிறேன், தம்பி. ஆனால் ‘ஆதார விலை’யை உங்கள் ஊர் மஞ்சள் மண்டியில் சொல்லிப் பாருங்கள். நெல்லுக்கும் கொப்பரைக்கும் இருப்பது மஞ்சளுக்கும் வந்துவிட்டதா என்று சூழ்ந்துகொள்வார்கள். ‘ஒப்பு விலை’ போதும்.

கோவையிலிருந்து:

மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் கேட்கிறேன். 300 ரூபாய் 315 ஆகிவிட்டதே, எதைத் தடுத்தோம்? ‘உயர்வுக் குறைப்பு’ என்பதே நேர்மை. அடுத்து, ஒப்பு விலை வரியோடா, வரி நீங்கலாகவா? 2025 செப்டம்பர் 22 முதல் பல மருந்துகளின் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது. வரியோடு ஒப்பிட்டால், ஒரு வார்த்தை பேரம் பேசாதவருக்கும் மிச்சம் விழும். ‘கைமிச்சம்’ அழகாக இருக்கிறது, ஆனால் பொய் சொல்கிறது. டெங்குக் காலத்தில் குளுக்கோஸ் பாட்டிலை மலிவாக வாங்கினாலும், எண்ணிக்கை கூடி மொத்தச் செலவு ஏறிவிடும். கையில் எங்கே மிச்சம்?

ஈரோட்டிலிருந்து:

‘கைமிச்சம்’ என் செல்லப்பிள்ளை, அக்கா, மனமில்லாமல்தான் விடுகிறேன். பட்டியலில் இப்படி மாற்றியிருக்கிறேன். விலைமிச்சம்: வரி நீங்கலான ஒப்பு விலையிலிருந்து வரி நீங்கலான வாங்கிய விலையைக் கழித்து, வாங்கிய எண்ணிக்கையால் பெருக்கி வரும் தொகை. ஒப்பு விலை என்பது முந்தைய ஒப்பந்த விலை. கேட்ட விலை அன்று.