நிக்கான் டி7500 கேமராவிலிருந்து டி750-க்கு மாறினேன், 500 மி.மீ. ரீச் (தூரத்துப் பறவை பெரிதாகத் தெரிவது) போய்விட்டது. லென்ஸ் கோளாறா?

நீர்க்காகம்: லென்ஸ் நிக்கான் 200-500 எஃப்/5.6. அதே கிளை, அதே 20 மீட்டர், 500-இல் வைத்துத்தான் எடுக்கிறேன். சிறு மீன்கொத்தி ஃபிரேமில் பொடிசாகத் தெரிகிறது. குரோப் செய்தால் இறகு விவரம் இல்லை, லேசாக மங்கலும்கூட. மெனுவில் டிஎக்ஸ் (டி7500 மாதிரி சின்ன சென்சார் அளவு) மோடு போட்டால் பழையபடி பெரிதாகிறது, தெளிவு மட்டும் வரவில்லை. சர்வீசுக்குக் கொடுக்கணுமா?

கரிச்சான்: இப்போதைக்கு வேண்டாம். எந்த கேமரா பாடியில் மாட்டினாலும் அந்த லென்ஸ் 500 மி.மீ.தான். 500-ஐ 20,000 மி.மீ.யால் (உங்கள் 20 மீட்டர்) வகுத்தால் 0.025; சென்சாரில் விழும் உருவம் நிஜ அளவில் அத்தனை பங்கு. ஆக 16 செ.மீ. பறவை சென்சாரில் 4 மி.மீ. நீளத்துக்கு விழும், இரண்டு கேமராவிலும். டி7500 சென்சாரின் அகலம் 23.5 மி.மீ., டி750-இல் 35.9. அதே இட்லியைத் தாம்பாளத்தில் வைத்தால் சின்னதாகத்தானே தெரியும்.

விவரம் போனது பிக்சல் அளவால். டி7500-இல் ஒரு பிக்சல் 4.22 மைக்ரான், 4 மி.மீ.க்குள் சுமார் 950 பிக்சல் அடங்கும். டி750-இல் 5.97 மைக்ரான், வெறும் 670. டிஎக்ஸ் மோடு கத்தரிக்கோல் வேலைதான்: 24 மெகாபிக்சலில் 10 சொச்சத்தை வெட்டிக் கொடுக்கும். அதை நீங்களே கம்ப்யூட்டரில் வெட்டிக்கொள்ளலாம்.

நீர்க்காகம்: அப்போ ஃபுல் ஃபிரேம் (டி750 மாதிரி பெரிய சென்சார்) என்றாலே ரீச் குறைவா? 1.4 கன்வர்ட்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி 1.4 மடங்கு பெரிதாக்குவது) போட்டால்?

கரிச்சான்: அப்படியில்லை. டி850-ம் ஃபுல் ஃபிரேம்தான்; பிக்சல் 4.35 மைக்ரான், உங்கள் மீன்கொத்திக்கு 920 பிக்சல் கிடைக்கும். கன்வர்ட்டர் போட்டால் 4 மி.மீ. 5.6 ஆகும், டி750-இலேயே 940 பிக்சல். ஆனால் ஒளி பாதியாகி எஃப்/8 ஆகிவிடும். அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ இரட்டிப்பு, 51 ஃபோகஸ் புள்ளியில் நடுவிலுள்ள 11 மட்டுமே எஃப்/8-க்கு நம்பலாம். உட்கார்ந்த பறவைக்குச் சரி, பறக்கிறதுக்கு வேண்டாம்.

செங்கால்நாரை: மங்கலுக்கு வேறு காரணம் இருக்கலாம். ஏஎஃப் ஃபைன் ட்யூன் (ஆட்டோஃபோகஸ் முன்னே பின்னே விழுவதைத் திருத்தும் வசதி) மதிப்பு லென்ஸில் அல்ல, பாடியில் சேமிக்கப்படும். பழைய பாடியில் போட்டது புதுசுக்கு வராது. ட்ரைபாட், விஆர் (அதிர்வுக் குறைப்பு) ஆஃப், 500, எஃப்/5.6, 20 மீட்டரில் ஒரு செய்தித்தாள். லைவ் வ்யூவில் (பின்திரையில் பார்த்து) ஒன்று எடுங்க. பிறகு வ்யூஃபைண்டரில் ஐந்து. ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுக்கணும். லைவ் வ்யூ மட்டும் தெளிவென்றால் ஃபைன் ட்யூன் தேவை. இரண்டும் மங்கல் என்றால் கானல் அலையாக இருக்கலாம். வெயில் ஏறுமுன் மறுபடி பாருங்க. அப்போதும் மங்கல்தான் என்றால் லென்ஸைச் சந்தேகப்படலாம்.

நீர்க்காகம்: லைவ் வ்யூ கத்தி மாதிரி. வ்யூஃபைண்டரில் ஃபோகஸ் பின்னால் விழுகிறது.

செங்கால்நாரை: அப்போ மைனஸ் பக்கம் போங்க. 4, 8 என்று இறக்கிப் பாருங்க, எல்லை 20. லென்ஸுக்கு ஒரே மதிப்புதான் சேமிக்கும். 500-இல் சரிசெய்தபின் 200-இலும் ஒருமுறை சோதித்துவிடுங்க.