வைரம் இருந்தும் போட்ஸ்வானாவில் ஏன் போர் வரவில்லை?

புவியியல்_மாணவி
முதுகலை படிக்கிறேன். செமினாருக்கு பிலிப் லெ பியோன் என்ற புவியியலாளர் 2001-இல் எழுதிய கட்டுரையை எடுத்திருக்கிறேன், இயற்கை வளத்துக்கும் ஆயுதப் போருக்கும் உள்ள உறவைப் பற்றியது. வளம் ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா, பரவிக் கிடக்கிறதா, ஆட்சி மையத்துக்குப் பக்கமா, தூரமா என்பதைப் பொறுத்து மோதலின் வடிவம் மாறும் என்கிறார். பக்கத்தில் குவிந்திருந்தால் ஆட்சிக் கவிழ்ப்பு, தூரத்தில் குவிந்திருந்தால் பிரிவினை, தூரத்தில் பரவிக் கிடந்தால் ஆயுதக் குழுத் தலைவர்களின் ராஜ்ஜியம். படிக்கும்போது சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சியரா லியோனிலும் வைரம், போட்ஸ்வானாவிலும் வைரம். அங்கே 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர், இங்கே அப்படி எதுவும் இல்லை. கல் ஒன்றுதானே?

சல்லடை
கல் ஒன்றுதான், அது கிடக்கும் விதம் வேறு. போட்ஸ்வானாவின் ஒராபா, ஜ்வானெங் சுரங்கங்களில் வைரம் கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறைக்குள் இருக்கிறது. பெரிய குழி தோண்டி, பாறையை உடைத்து அரைத்துத்தான் எடுக்க முடியும். அதற்குப் பெரிய முதலீடும் இயந்திரமும் வேண்டும், வேலி போட்டுக் காவல் வைப்பதும் சுலபம். சியரா லியோனின் கோனோ பகுதியில் ஆற்று வண்டலில் சிதறிக் கிடக்கிறது, மண்வெட்டியும் சல்லடையும், இடுப்பளவுத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்க ஆட்களும் இருந்தால் போதும். துப்பாக்கியோடு வந்தவன் அந்த ஆட்களை மிரட்டியே எடுக்க வைத்துவிடலாம். ஆர்.யு.எஃப். கிளர்ச்சிக் குழு அதைத்தான் செய்தது, கல் லைபீரியா வழியாக வெளியே போனது.

வரைபடப்_பிரியன்
அங்கோலாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தோழி, எண்ணெய், வைரம் என இரண்டு வளமும் ஒரே போரில் எதிரெதிரே நின்ற இடம் அது. எண்ணெயில் பெரும்பகுதி கடலுக்கு அடியில், அதை வெளிநாட்டு நிறுவனங்கள் எடுத்து அரசுக்குப் பங்கு கொடுத்தன, யுனிடா கிளர்ச்சிக்காரர்களால் அதைத் தொட முடியவில்லை. பனிப்போர் முடிந்து அமெரிக்க, தென்னாப்பிரிக்க உதவி நின்ற பிறகு அவர்கள் வடகிழக்கில் ஆற்றுப்படுகை வைரத்தை வைத்துத்தான் ஆயுதம் வாங்கினார்கள். 1998-இல் ஐ.நா. அந்த வைரத்துக்குத் தடை போட்டது, 2002 பிப்ரவரியில் யுனிடா தலைவர் சவிம்பி கொல்லப்பட்டதும் போர் முடிந்தது. அப்புறம் கபிண்டா. எண்ணெய் வளம் மிகுந்த மாகாணம், நடுவில் காங்கோ புகுந்து நாட்டின் மற்ற பகுதியிலிருந்து பிரிந்து கிடக்கிறது. அங்கே எழுந்தது பிரிவினை இயக்கம், அதாவது நீங்கள் எழுதிய இரண்டாவது வகை.

கரிசல்
மண்ணை மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒராபாவில் வைரம் கண்டுபிடித்தது 1967-இல், சுதந்திரம் வந்து ஓராண்டு கூட ஆகாத நேரம். அதே ஆண்டு கனிம உரிமையை இனக்குழுக்களிடமிருந்து தேசத்துக்கு மாற்றிச் சட்டம் போட்டார்கள். ஒராபா இருப்பது குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலத்தில், என் ஆட்களுக்கே என்று அவர் வைத்துக்கொண்டிருக்கலாம், வைத்துக்கொள்ளவில்லை. 1970-களின் நடுவில் வைர நிறுவனமான டி பியர்ஸுடனான கூட்டு நிறுவனத்தில் அரசின் பங்கு பாதியாக உயர்ந்தது. சியரா லியோனில் சியாகா ஸ்டீவன்ஸ் ஆட்சிக் காலத்தில் வைரப் பணம் ஆட்சியில் இருந்தவர்களுக்கும் அவர்களோடு ஒட்டியிருந்த வியாபாரிகளுக்கும் போனது, அரசு உள்ளுக்குள் கரைந்துபோனது, வேலையில்லாத இளைஞர்கள் துப்பாக்கி தூக்கியபோது தடுக்க யாரும் இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு ‘வண்டல், அதனால் போர்’ என்று எழுதினால் அந்த மக்களுக்கு அநியாயம்.

புவியியல்_மாணவி
ரொம்ப நன்றி. லெ பியோனும் வளம் தானாகப் போரை உண்டாக்குவதில்லை, அரசியலும் உலகச் சந்தையும் சேர்ந்தே செய்கின்றன என்கிறார், நான்தான் அந்த வகைப்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டேன். சந்தை பற்றி ஒரு கேள்வி: போருக்குப் பணம் தரும் வைரம் சந்தைக்கு வராமல் தடுக்க 2003-இல் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்துவிட்டதே, அதோடு பிரச்சினை தீர்ந்ததா?

கரிசல்
தீரவில்லை. கிளர்ச்சிக் குழு விற்றால்தான் அந்த முறையில் அது ‘மோதல் வைரம்’. அரசே சுட்டால்? ஜிம்பாப்வேயின் மராங்கே வயல்களில் 2008-இல் ராணுவம் ஹெலிகாப்டரிலிருந்தும் சுட்டது, 200-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அதுவும் வண்டல் வைரம்தான், தோண்ட வந்தவர்கள் சாதாரண ஏழைகள். 2011 நவம்பரில் அந்த வைரத்தை ஏற்றுமதி செய்ய அதே முறை அனுமதி கொடுத்தது. அந்த முறையை உருவாக்கப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பே அடுத்த மாதம் வெளியேறிவிட்டது. செமினாரில் மராங்கேவுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள் அம்மா.