ப்ளாக் எழுதுறேன், படிக்க ஆளே வரல... கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, ப்ளாக் ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு, 23 பதிவு போட்டாச்சு. நேத்து மொத்தம் 7 வியூ, அதுல அஞ்சு நானே எழுத்துப்பிழை திருத்தத் திறந்தது 😅

கூகுள்ல தேடினா வரவே மாட்டேங்குதேன்னு போன வாரம் நோண்டிட்டு இருந்தப்பதான் தெரிஞ்சுது, நான் ப்ளாக் நடத்துற வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல ரீடிங்னு ஒரு பக்கம் இருக்குல்ல, அதுல தேடுபொறி எதுவும் இந்த சைட்ட எடுக்க வேணாம்னு ஒரு டிக் இருக்கு, டிசைன் முடியட்டும்னு நான்தான் போட்டேன், அப்புறம் எடுக்கவே மறந்துட்டேன். கதவ உள்ள பூட்டிட்டு விருந்தாளி வரலன்னு புலம்பிட்டு இருந்திருக்கேன். இப்ப எடுத்துட்டேன், கூகுளோட சர்ச் கன்சோல்ல சைட்மேப்பும் (சைட்ல இருக்கற பக்கங்களோட பட்டியல்) குடுத்துட்டேன்.

அடுத்த தலைவலி லிங்க். தலைப்ப வச்சுதான் லிங்க் உருவாகுது, அது தமிழ்ல இருக்கறதால வாட்ஸ்அப்ல போட்டா ஒரே சதவீதக் குறியும் நம்பருமா ரெண்டு மூணு வரிக்கு நீளுது, பாத்தா வைரஸ் லிங்க் மாதிரி இருக்கு, எவன் தொடுவான்? ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 9 கேரக்டர் ஆகுதாம், வேர்ட்பிரஸ் 200 கேரக்டர்ல நிறுத்திடுது, அதனால லிங்க்ல தலைப்பு பாதியிலயே வெட்டுப்படுது.

இந்த ஸ்லக்க (லிங்க்ல தலைப்பு வர்ற கடைசிப் பகுதி) எல்லாம் ஆங்கில எழுத்துல சின்னதா மாத்திடலாமா? மாத்தினா ஏற்கனவே ஷேர் பண்ண லிங்க் வேலை செய்யுமா, இல்ல 301 ரீடைரக்ட்டுக்கு (பழைய லிங்க தொட்டா புதுசுக்கே கொண்டு போறது) தனியா ப்ளகின்னு சொல்ற கூடுதல் மென்பொருள் போடணுமா? கோடிங் பக்கம் கை வைக்க பயமா இருக்கு.

அப்புறம் இன்னொண்ணு, குரூப்ல லிங்க மட்டும் வீசிட்டுப் போறது எனக்கே பிடிக்கல. உங்க முதல் நூறு வாசகர் எப்படி வந்தாங்க? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.