டெர்பிப் பகையும் கடன் கணக்கும்: இத்தாலியில் பந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

மிலானோவாசி

இத்தாலியில் குடியிருப்பவர்கள், படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்து போனவர்கள் என்று நம்மாட்கள் நிறையப் பேர் இருக்கிறோம். கோல் வீடியோ எல்லோரும் பார்ப்பதுதான். நான் கேட்பது வேறு. மைதானத்தில் ஜென்மப் பகையாளிகளாக நிற்கிற சீரி ஆ (இத்தாலியக் கால்பந்தின் முதல் பிரிவு) கிளப்புகள், பணம் என்று வந்துவிட்டால் என்ன பாடு படுகின்றன? அதை நேரில் பார்த்த, காதால் கேட்ட கதை இருந்தால் எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் இன்டர், எதிர் மேசைக்காரர் மிலான். டெர்பி, அதாவது இந்த இரண்டு மிலானோ கிளப்புகளும் மோதும் ஆட்டம், நெருங்கினால் இருவரும் காபி மெஷின் பக்கம் ஒன்றாகப் போக மாட்டார்கள். 2018 ஜூலையில் மிலான்காரர் வாயே திறக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் பெர்லுஸ்கோனி, கடனையும் சேர்த்து 74 கோடி யூரோ மதிப்பில் கிளப்பை லீ யோங்ஹோங் என்ற சீனரிடம் விற்றிருந்தார். அவர் எலியட் என்ற அமெரிக்க நிதி நிறுவனத்திடம் கடன் வாங்கித்தான் வாங்கினார். கடனைக் கட்ட முடியவில்லை, கிளப் எலியட் கைக்குப் போய்விட்டது. இன்டர்காரர் ஒரு மஞ்சள் சீட்டில் 'அடகுக்கடை' என்று இத்தாலியனில் எழுதி எதிர் மேசைக் கணினித் திரையில் ஒட்டிவிட்டார். மிலான்காரர் அதைக் கிழிக்கவில்லை. மடித்து இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

2024 ஏப்ரல் 22. இன்டர் தன் 20வது ஸ்குடெட்டோவை (சீரி ஆ பட்டத்தை) உறுதி செய்தது, அதுவும் மிலானையே 2-1 என்று டெர்பியில் வென்று. பத்துப் பட்டத்துக்கு ஒரு நட்சத்திரம் என்ற கணக்கில் சட்டையில் இரண்டாவது நட்சத்திரம். மறுநாள் காலை அலுவலகத்தில் மிலான்காரர் பட்ட பாடு சொல்லி மாளாது. சரியாக ஒரு மாதம். மே 22 அன்று இன்டரும் கடன்காரர் கைக்குப் போனது. உரிமையாளரான சூனிங் என்ற சீன நிறுவனம் 2021இல் ஓக்ட்ரீ என்ற அமெரிக்க நிதி நிறுவனத்திடம் வாங்கிய 27.5 கோடி யூரோ, வட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 39.5 கோடியாகி நின்றது. கெடு தாண்டியதும் ஓக்ட்ரீ கிளப்பை எடுத்துக்கொண்டது. அன்று மதியம் அந்த மஞ்சள் சீட்டு, பழுத்துப்போன நிறத்தில், இன்டர்காரர் திரையில் ஒட்டியிருந்தது. இத்தனை வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்த மனுஷனைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. 1947 முதல் இருவருக்கும் ஒரே மைதானம், சான் சீரோ. 2025 நவம்பரில் இரண்டு கிளப்பும் கூட்டாக நகராட்சியிடமிருந்து அதையும் சுற்றியுள்ள நிலத்தையும் 19.7 கோடி யூரோவுக்கு வாங்கின. பழையதின் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது திட்டம். ஒரே வாடகை வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பங்காளிகள் சேர்ந்து வீட்டை விலைக்கு வாங்கிய கதைதான். எங்கள் அலுவலகத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம், அதை இடிக்கக் கூடாது என்பது.

கப்பல்காரன்

நான் தூத்துக்குடிக்காரன், கப்பலில் எஞ்சினியர். 2016 ஜூலையில் எங்கள் கப்பல் பழுதுபார்க்க நேப்பிள்ஸில் நின்றது. துறைமுகத்துக்கு வெளியே ஒரு சின்ன பார். கல்லாவுக்கு மேலே மரடோனா படம், கீழே ஒரு சிவப்பு விளக்கு. நம்மூர்க் கடையில் சாமி படத்துக்கு விளக்கு வைத்திருப்பார்களே, அச்சு அசல். அதற்குப் பக்கத்தில், ஊர்க் கிளப்பான நாப்போலியின் முன்வரிசை ஆட்டக்காரர் ஹிகுவாயின் படம். அந்த சீசனில் அவர் 36 கோல் போட்டிருந்தார், ஒரே சீசனில் அதுவரை சீரி ஆ வரலாற்றிலேயே அதிகம்.

கப்பல் வேலை முடிவதற்குள் ஹிகுவாயின், வடக்கே தொரினோ நகரத்துக் கிளப்பான யுவென்டஸுக்குப் போய்விட்டார். 9 கோடி யூரோ. ஒப்பந்தத்திலேயே அந்தத் தொகை எழுதியிருந்ததால் நாப்போலி தலைவர் தே லவுரெந்தீஸ் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. காசை வைத்தால் ஆளை விட்டுத்தான் ஆகவேண்டும். பார்க்காரர் படத்தைக் கழற்றிவிட்டார். கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. காபி குடிக்க வந்த ஒவ்வொருவனும் அந்தச் சதுரத்தைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத்தான் குடித்தான்.

வடக்கு, தெற்கு என்ற பழைய காயம் இதற்குள் இருக்கிறது. தொரினோ என்றால் கார் தொழிற்சாலை, முதலாளி, பணம். தெற்கிலிருந்து பிழைக்கப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தத் தொழிற்சாலையில்தான் உழைத்தன. நாப்போலி கிளப் 2004இல் திவாலாகி மூன்றாம் பிரிவில் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. யுவென்டஸ் 2006இல் நடுவர் நியமனத்தில் கைவைத்த கால்ச்சோபோலி ஊழலில் மாட்டி இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. ஒன்று பணமில்லாமல் விழுந்தது, ஒன்று குற்றத்தால் விழுந்தது. 2006-07இல் இரண்டும் அந்த இரண்டாம் பிரிவில் சந்தித்து, ஒன்றாகவே மேலே ஏறி வந்தன. பார்க்காரர் இதைச் சொல்லும்போது, "நாங்கள் கடனாளி, அவர்கள் திருடர்கள்" என்று பிரித்தே சொன்னார். அந்த வித்தியாசத்தில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

ஆனால் கணக்குப் பார்த்தால் அந்த 9 கோடி நாப்போலிக்குக் கெடுதல் செய்யவில்லை. அதே கோடையில் மீலிக், ஷெலின்ஸ்கி எல்லாம் வந்தார்கள். மீலிக்குக் காலில் அடிபட, வேறு வழியில்லாமல் குட்டையான மெர்ட்டென்ஸை முன்வரிசை நடுவில் நிறுத்தினார்கள். அவர் லீக்கில் மட்டும் 28 கோல் போட்டார். விற்றதைத் துரோகம் என்று ஊர் சொன்னது, நான் நல்ல வியாபாரம் என்பேன். பாரில் இருக்கும்போது சொல்லவில்லை, உயிர் மேல் ஆசை இருந்தது.

தொரினோ மாணவி

கப்பல்கார அண்ணா, நான் அந்தத் தொழிற்சாலை ஊரில்தான் இருக்கிறேன்! பொலிதெக்னிக்கோ பல்கலைக்கழகத்தில் முதுநிலை. வெளியூரார் தொரினோ என்றாலே யுவென்டஸ் என்று நினைக்கிறார்கள். என் வீட்டுக்கார அம்மா காதில் அது விழுந்தால் வாடகையை ஏற்றிவிடுவார். அவர் தொரினோ எஃப்சி, கருஞ்சிவப்புக் கட்சி. ஒவ்வொரு மே 4ஆம் தேதியும் சூபெர்கா மலைக்குப் போவார். 1949இல் அந்த அணியின் விமானம் மோதிய இடம்.

அவர் சொல்லித்தான் 2005 கதை தெரியும். தொரினோ அணி விளையாடி ஜெயித்து சீரி ஆவுக்குத் தகுதி பெற்றது. தெருவெல்லாம் கொண்டாட்டம். சில வாரத்தில் கிளப்பே இல்லை. வரிபாக்கி, அதற்குக் கொடுத்த வங்கி உத்தரவாதம் செல்லாது, அனுமதி மறுப்பு. கைரோ என்ற தொழிலதிபர் வந்து புதிய கிளப்பாக இரண்டாம் பிரிவில் ஆரம்பித்தார். அடுத்த வருஷமே மேலே வந்தார்கள். அவர்கள் மேலே வந்த அதே கோடையில்தான் யுவென்டஸ் கீழே போனது! அம்மா இந்த இடத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரிப்பார்.

நான் நிதிப் பாடம் படிப்பதால் 'பிளஸ்வலென்சா' (ஆட்டக்காரரை விற்பதில் ஏட்டில் காட்டும் லாபம்) பற்றி எழுதிவிடுகிறேன், இத்தாலியக் கிளப்புகளின் மூச்சே இதில்தான் இருக்கிறது. 2020இல் யுவென்டஸ் பியானிச் என்ற ஆட்டக்காரரைப் பார்சலோனாவுக்கு 6 கோடிக்கு விற்றது, அங்கிருந்து ஆர்தரை 7.2 கோடிக்கு வாங்கியது. உண்மையில் கைமாற வேண்டிய வித்தியாசம் 1.2 கோடிதான். ஆனால் ஏட்டில்? பியானிச்சை வாங்கிய விலையில் ஏட்டில் இன்னும் மீதியிருந்ததைக் கழித்தால் ஏறக்குறைய 4.2 கோடி லாபம், முழுசாக அந்த ஆண்டே வரவு. ஆர்தருக்கான செலவோ ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 1.44 கோடியாகப் பிரிந்துவிடும். லாபம் இன்றைக்கு, செலவு நாளைக்கு. விலையை இரு தரப்பும் சேர்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம், ஏனென்றால் ஆட்டக்காரருக்குச் சந்தை விலை இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல ஆளில்லை.

அங்கேதான் சிக்கல் வந்தது. பல ஆண்டுகளாக நடந்த இப்படிப்பட்ட பரிமாற்றங்களுக்காக 2023 ஜனவரியில் யுவென்டஸுக்கு 15 புள்ளி வெட்டினார்கள். ஏப்ரலில் திருப்பிக் கொடுத்தார்கள். மே மாதம் மறுபடி 10 வெட்டினார்கள். வீட்டுக்கார அம்மா புள்ளிப்பட்டியலைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவார். அந்த வருஷம் ஒட்டி ஒட்டி எடுத்ததில் கதவில் பசைக் கறை. யுவென்டஸுக்குப் பள்ளம் விழுந்தால் மண் போட ஆள் உண்டு என்பது வேறு விஷயம். 2019இலிருந்து ஐந்தாண்டுக்குள் மூன்று முறை புது மூலதனம் திரட்டினார்கள், மொத்தம் 90 கோடி யூரோ. அதில் பெரும்பங்கு அன்யெல்லி குடும்பத்தின் எக்ஸோருடையது.

பலேர்மோ அண்ணை

தங்கச்சி, நீங்கள் எல்லோரும் வடக்கில் பணக்காரக் கடனாளிகளைப் பார்த்திருக்கிறீர்கள். இங்கே சிசிலியில் நாங்கள் பார்த்தது வேறு.

பலேர்மோவில் எங்கள் சனம் நிறைய இருக்கிறது. பெல்லெக்ரீனோ மலையில் சாந்த ரொசாலியா கோவிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் நடந்து ஏறுவது ஊருக்கே தெரியும். அந்த மலையின் அடியில்தான் மைதானம். மேலே கும்பிட்டுவிட்டு இறங்கினால் கீழே இளஞ்சிவப்பும் கறுப்பும், பலேர்மோ கிளப்பின் நிறங்கள். நான் ஓர் உணவகத்தின் சமையல்கூடத்தில் வேலை. எங்கள் முதலாளி ஞாயிறு மத்தியானம் ரேடியோவைப் பாத்திரம் கழுவும் இடத்தில் வைப்பார். தண்ணீர்ச் சத்தத்தில் கோல் கேட்காது, அவர் கத்துவதை வைத்துத்தான் யார் போட்டது என்று தெரியும்.

கிளப்புக்குச் சம்பாரீனி தலைவராக இருந்த காலம் அது. பயிற்றுநரை மாற்றுவதில் பேர்போனவர், 'பயிற்றுநர்களைத் தின்பவர்' என்றே பட்டம். ஆனால் ஆட்டக்காரரைக் கண்டுபிடித்து விற்பதில் அவரை அடிக்க ஆளில்லை. 2006இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியில் நால்வர் பலேர்மோக்காரர்: குரோசோ, பர்சாலி, சக்கார்தோ, பரோனே. பிறகு கவானி நாப்போலிக்கு, பஸ்தோரே 2011இல் 4 கோடிக்கு மேலான விலையில் பாரிஸுக்கு, டிபாலா 2015இல் யுவென்டஸுக்கு. ஒவ்வொரு கோடையிலும் முதலாளி ஒரே கேள்விதான் கேட்பார்: "இந்த வருஷம் யார்?" ஒரு பெடியனின் சட்டையை மகனுக்கு வாங்கினால், அது வெளுக்கும் முன்னம் ஆள் வேறு ஊரில் நிற்பான். கடைசியில் பெயர் அடிக்காத சட்டை வாங்கத் தொடங்கினார். கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வேன்.

விற்று வாழும் கிளப்புக்கு ஒரு நாள் விற்க ஆளில்லாமல் போகும். 2017இல் சீரி ஆவிலிருந்து விழுந்தார்கள், தொலைக்காட்சிப் பணம் சுருங்கியது. 2018 கடைசியில் சம்பாரீனி பெயருக்கு ஒரு சில்லறைத் தொகை வாங்கிக்கொண்டு கிளப்பைக் கைமாற்றினார். 2019 ஜூலையில் அடுத்த சீசனுக்குப் பதிவு செய்யத் தேவையான உத்தரவாதம் சரியாக இல்லை என்று வெளியே தள்ளிவிட்டார்கள். நான்காம் பிரிவு. நகராட்சிதான் புது உரிமையாளரைத் தேர்ந்தது. டிபாலாவைப் பார்த்த சனம், மர்சாலா, லிக்காத்தா போன்ற ஊர்களோடு விளையாடுவதைப் பார்க்கப் போனது. நானும் போனேன். அடுத்த வருஷமே மேலேறி, 2022இல் இரண்டாம் பிரிவுக்கு வந்த பின்னர் மான்செஸ்டர் சிட்டியின் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள்.

இனி கத்தானியா, சிசிலியின் இன்னொரு பெரிய நகரம். அதுதான் எங்கள் டெர்பி. 2007 பெப்ரவரி 2, கத்தானியாவில் சந்த ஆகதா திருவிழாக் காலம். பலேர்மோ 2-1 என்று வென்றது, ஆனால் அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. மைதானத்துக்கு வெளியே நடந்த கலவரத்தில் பிலிப்போ ரசீத்தி என்ற பொலிஸ் அதிகாரி இறந்துபோனார். நாடு முழுக்கப் பந்தாட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் நுழைவுச் சீட்டு, அடையாள அட்டை, கமெரா எல்லாவற்றிலும் பிடி இறுகியது. நான் பின்னொரு முறை கத்தானியாவில் வேலைக்கு நின்றபோது டெர்பிக்குச் சீட்டுக் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "வதிவிடம் பலேர்மோ மாகாணம், தர முடியாது" என்றார். நான் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்கவே இல்லை. எனக்குப் பின்னால் நின்ற கிழவர், "இவரைப் பார்த்தால் பலேர்மோக்காரர் மாதிரியா இருக்கிறது?" என்று எனக்காக வாதாடினார். பலேர்மோக்காரன்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்தக் கத்தானியா என்ன ஆனது? 2015இல் ஆட்டங்களை விலைக்கு வாங்கிய வழக்கு, மூன்றாம் பிரிவுக்கு இறக்கம். 2022 ஏப்ரலில், சீசன் முடிவதற்கு முன்னமே, திவாலாகி நீக்கப்பட்டது. எங்கள் முதலாளி கொண்டாடுவார் என்று நினைத்தேன். "அடுத்த வருஷம் யாரைத் திட்டுவது?" என்று எரிச்சல்தான் பட்டார்.

வெரோனா

சுருக்கமாக ஒன்று. இங்கே ஹெல்லாஸ் கிளப்பின் ரசிகர்கள், பக்கத்துப் பேட்டை அணியான கியேவோ சீரி ஆவுக்கு வந்தால் கழுதை பறக்கும் என்று கேலி செய்தார்கள். 2001இல் வந்தேவிட்டது. 'பறக்கும் கழுதைகள்' என்பதே பட்டமாயிற்று. 2018இல் செசேனா கிளப்போடு இளம் ஆட்டக்காரர்களை ஏற்றிய விலையில் மாற்றிக் கணக்குக் காட்டியதற்கு 3 புள்ளி வெட்டு, 2021இல் வரிபாக்கியால் வெளியேற்றம். தங்கச்சி சொன்ன அதே பிளஸ்வலென்சாதான், சின்ன அளவில்.

பலேர்மோ அண்ணை, அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன். இப்போது ஆட்டம் பார்க்கச் சீட்டுக் கிடைப்பது எப்படி?

பலேர்மோ அண்ணை

சாதாரண ஆட்டமென்றால் இணையத்திலேயே எடுக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கோ. சீட்டில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் வாசலில் ஒத்துப்பார்ப்பார்கள். எங்கள் பெயர்கள் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது, பாதியில் வெட்டுப்படும். எனக்கு ஒரு முறை அப்பாவின் பெயர் மட்டும்தான் அச்சாகியிருந்தது, வாசல்காரர் எழுத்தெழுத்தாக வாசித்து முடிக்க முதல் பாதி தொடங்கிவிட்டது. அதனால் கொஞ்சம் நேரத்தோடு வாங்கோ.